மதகில் குறையும் வேகம்

5 ஜூலை 1971, திங்கள்

காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. 'டிராஃபிக் இன்ஸ்பெக்டர் சாமுவேல்' என்ற பழைய பலகையையே தூசி தட்டி மாட்டிவிட்டார்கள். விழுப்புரத்தில் ஒளிந்திருந்தது போதும் என்று டிவிஷன் ஆபீஸில் நினைத்திருக்க வேண்டும். "அந்த லைன் உமக்கு அத்துப்படி, நீரே போய்ப் பாரும்" என்றார் பெரிய அதிகாரி. அத்துப்படிதான். கஷ்டமே அதுதான்.

வேலை இது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குக் காலையில் ஒரு புது வண்டி விட முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒற்றைப் பாதை. எதிரே வருகிற வண்டி இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் இங்கிருந்து ஒன்று கிளம்பலாம். கிளம்பியது, எக்ஸ்பிரஸ்கள் வரிசை கட்டுவதற்குள் செங்கல்பட்டில் நுழைந்துவிட வேண்டும். தாளில் கோடு போட்டுப் பார்த்தால் இடம் இருக்கிறது. நிஜத்தில் இல்லை. வாலாஜாபாத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே எல்லா வண்டியும் நாலைந்து நிமிஷத்தை எங்கேயோ தொலைக்கிறது, போகும்போதும் வரும்போதும். தண்டவாளம் நன்றாக இருக்கிறது. வேகத்தடை உத்தரவு எதுவும் இல்லை. ஏன் என்று கேட்டால் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள்.

நடுவில் இன்னொரு லூப் லைன் போட்டால் இரண்டு வண்டிகள் அங்கேயே மாறிக்கொள்ளலாம். அதற்கு அனுமதி கிடைப்பதற்குள் நான் ரிடையர் ஆகிவிடுவேன்.

7 ஜூலை, புதன்

ஒரு பெண் ஆபீஸுக்கு வந்து நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தாள். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண், பெயர் ஏலவார்குழலி. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். புது வண்டி கேட்டுக் கையெழுத்து வாங்கியவர்களுக்கு இவள்தான் தலைவியாம்.

"ஓ.பி. சீட்டு எட்டு மணிக்குக் குடுக்கறாங்க சார். இங்கேர்ந்து போற ஜனம் பத்தரைக்கு வந்து நிக்குது. நாளைக்கு வான்னு நானே திருப்பி அனுப்பறேன். எனக்கே அசிங்கமா இருக்குது."

ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றேன்.

"ஒரு வண்டி விடறதுக்கு என்னாத்த சார் ஆராயறீங்க? தண்டவாளம் அங்கியே தானே இருக்குது?"

சிரித்துவிட்டேன். இந்த ஊரில் சிரிப்பேன் என்று நினைக்கவில்லை.

12 ஜூலை, திங்கள்

பழைய குவார்ட்டர்ஸையே கொடுத்திருக்கிறார்கள். அதே சமையலறை வாசல். நான் சாப்பிடாமல் கிளம்பினால் சம்பூர்ணம் அங்கே நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே நேராகத் தூக்குவாள். கல்யாணமான புதிதில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கொடி கையில் இல்லையென்றால் இதுதான் 'நில்' என்ற சிக்னல், எந்த வண்டியானாலும் நின்றே ஆக வேண்டும் என்று. "அப்ப நீங்களும் நின்னுதான் ஆவணும்" என்பாள். நின்று, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு ஓடுவேன்.

வாலாஜாபாத்துக்கு இன்றும் பஸ்ஸில்தான் போனேன். ரயில்வேக்காரன் பாஸை வைத்துக்கொண்டு பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதைப் பார்த்து கண்டக்டர் முறைத்தான்.

எத்தனை நாளைக்கு இப்படி?

20 ஜூலை, செவ்வாய்

இன்று இன்ஜினிலேயே ஏறிப் போனேன். வேறு வழியில்லை. நேரம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் உண்டு. டிரைவர் ராஜவேலு என்கிறவன் விழுப்புரம் ஷெட்டிலிருந்து வந்தவன், நல்ல கை. நத்தப்பேட்டை தாண்டும் வரைக்கும் வண்டி அருமையாக ஓடியது.

ஐயம்பேட்டைப் பக்கம் ஏரிக்கால்வாய் மதகு வருகிறது. எனக்கு அந்த மதகு தெரியும். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வண்டி வேகம் குறைந்தது. ராஜவேலு நீளமாக ஒரு விசில் கொடுத்தான். கரி அள்ளிக்கொண்டிருந்த ஃபயர்மேன் ஷவலை இறக்கிவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தான். ஒரு மனுஷன் கூடவே நடந்து வரலாம், அந்த வேகத்தில் மதகைத் தாண்டினோம். தாண்டிய பிறகு ஃபயர்மேன் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடி கரி போட்டான்.

என்ன இது என்று கேட்டேன்.

"அது அப்படித்தான் சார். எல்லாருமே இங்க மெதுவாத்தான் போவோம்."

"யார் உத்தரவு?"

"உத்தரவு இல்ல சார். மூணு வருசம் முன்னாடி ஒரு அம்மா இங்க வண்டி முன்னாடி வந்து வுழுந்துட்டாங்களாம். வேகமாப் போனா மதகு மேல கையத் தூக்கினு நிக்கறாங்கன்னு சொல்றாங்க. நான் பார்த்ததில்ல. பார்க்கவும் வாணாம்னுதான் மெதுவாப் போறேன். பழைய டிரைவர் அப்பாதுரை ஆரம்பிச்சு வெச்சது. புதுசா வர்றவங்களுக்கு நாங்க சொல்லிடுவோம்."

அவனுக்குத் தெரியாது. நான் யார் என்று அவனுக்குத் தெரியாது.

21 ஜூலை

கையைத் தூக்கிக்கொண்டா?

1 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மூன்று வருஷத்தில் சுவரோரம் எருக்கு மண்டிவிட்டது. அவளைச் சுவரோரம்தான் வைத்தார்கள். தானாகப் போய் விழுந்தவளை எல்லோருக்கும் நடுவில் வைக்கலாமா என்று சபைக் கமிட்டியில் வாக்குவாதம். போதகர் நல்லவர், ஆனால் கமிட்டிக்குப் பயந்தவர். "புள்ள இல்லாத ஏக்கம், பாவம்" என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. போலீஸும் ரயில்வே விசாரணையும் அதையேதான் சொன்னது. வண்டி முன் பாய்ந்தார். கையெழுத்து, முத்திரை.

நான் நம்பினேனா? நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. அன்று காலையில் கூட கேழ்வரகு மாவு அரைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனேன். சரி என்றாள். சாகப் போகிறவள் சரி என்பாளா? என்று கேட்டுக்கொள்வேன். சாகப் போகிறவளும் சரி என்றுதான் சொல்வாள் என்று மறுநாள் தோன்றும். மூன்று வருஷமாக இதேதான் போய்க்கொண்டிருக்கிறது.

எருக்கை வெட்டிவிட்டு வந்தேன். கையில் பால் பட்டு எரிகிறது.

4 ஆகஸ்ட், புதன்

டிவிஷன் ஆபீஸிலிருந்து கேட்டுவிட்டார்கள். காரணம் கண்டுபிடித்தீரா, நீக்க முடியுமா, நவம்பர் டைம்டேபிளில் புது வண்டியைச் சேர்க்கலாமா?

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். காரணம் என் மனைவி. இதை எப்படி ஐயா எழுதுவது?

ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். 'அந்த இடத்தில் வேகம் குறைக்கக் கூடாது.' டிரைவர்கள் முணுமுணுத்துவிட்டுக் கேட்பார்கள். அவளுக்காக ஒரு துண்டை அவிழ்க்கிற மனிதர்கள் இந்த உலகத்தில் அந்த இன்ஜினில்தான் இருக்கிறார்கள். அதை நான் நிறுத்த வேண்டும். ஏலவார்குழலி திருப்பி அனுப்புகிற நோயாளிகளையும் நினைத்துப் பார்க்கிறேன்.

எழுதும் முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். தூக்கியது ஒரு கையா, இரண்டு கையா?

8 ஆகஸ்ட், ஞாயிறு

தாமலுக்குப் போனேன். அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டிய அப்பாதுரை ரிடையர் ஆகி ஏரிப் பாய்ச்சலில் பயிர் வைத்துக்கொண்டு அங்கேதான் இருக்கிறார். என் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், மழை வரவில்லை என்றார், உரம் கிடைப்பதில்லை என்றார்.

"அப்பாதுரை, மதகில் நீங்கள் பார்த்தது ஒரு கையா, இரண்டு கையா?"

"பம்ப் செட்டு ஓடுது சார், நான் போவணும்" என்று எழுந்துவிட்டார். பம்ப் செட் ஓடும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

13 ஆகஸ்ட்

தூக்கம் இல்லை. ஆபீஸில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். டீ கொண்டுவந்தவனைக் கூட.

22 ஆகஸ்ட், ஞாயிறு

அப்பாதுரை வந்தார். ஆராதனை முடிந்து நான் வரும்வரை குவார்ட்டர்ஸ் வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரமாட்டேன் என்றார். நின்றபடியே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"ரெண்டு கை சார்.

"அன்னிக்கு கருட சேவை. பார்த்துட்டுத் திரும்பற ஜனம் வண்டில தொங்கினு வருது. நத்தப்பேட்டைலேர்ந்தே வரப்பு மேல, ஏரிக்கரை மேல, எங்க பார்த்தாலும் ஜனம் கோபுரத்தப் பார்த்து ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டுக்கினு நிக்குது. வழி நெடுக அப்படித்தான். மதகு மேல ஒரு அம்மா நின்னாங்க. அவங்களும் பெருமாளத்தான் கும்புடறாங்கன்னு நெனச்சேன். கும்புட்டு முடிச்சா நவுந்துடுவாங்கன்னு நீளமா விசில் குடுத்தேன். நவுரல. விசில் கேட்டதும் மொகம் தெளிஞ்சு போச்சு சார், அப்பாடான்னு ஒரு இது. அப்பறம்தான் பிரேக் புடிச்சேன். எங்க நிக்கும்? மதகு மேல ஒதுங்க எடமும் இல்ல.

"அது சிக்னல்னு அன்னிக்கு சாயங்காலம்தான் எனக்கு ஒறைச்சுது. விசாரணைல, வந்து வுழுந்தாங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டு கையப் பார்த்தும் நிறுத்தாதவன வெச்சுப்பாங்களா? அதுக்கப்பறம் அந்த எடத்துல என்னால வேகமாப் போவ முடியல. கேட்டவங்களுக்கு எதையோ சொன்னேன். பேயின்னு ஆக்கிட்டாங்க. நான்தான் சார் அவங்கள பேயாக்கிட்டேன்."

அழுதார். நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. கதவைச் சாத்திவிட்டேன் போல.

சம்பூர்ணம் கோபுரத்தைக் கும்பிடமாட்டாள். ஐயம்பேட்டைக் காலனிப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதப்பள்ளி நடத்தப் போனவள் அவள். நடுத் தண்டவாளத்தில் நின்று வண்டியை நிறுத்தியிருக்கிறாள். விசில் கேட்டதும் தெளிந்ததாம் முகம். பதில் கிடைத்துவிட்டது, வண்டி நிற்கப் போகிறது என்று நினைத்திருக்கிறாள்!

சாக நினைக்கவில்லை. நிற்கும் என்று நினைத்தாள்.

எதற்காக நிறுத்தினாய்?

24 ஆகஸ்ட், செவ்வாய்

அரை நாள் லீவு. மதகிலிருந்து வரப்பு வழியே காலனிக்கு நடந்தேன். என்னைப் பார்த்ததும் முதலில் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். கங்கையம்மாள் என்கிற ஒருத்தி மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சரம்மா வூட்டுக்காரரா?" என்றாள்.

"எங்க மணியம்மாளுக்குத் தலைச்சன் பிரசவம்பா. கொழந்த குறுக்க நின்னுடுச்சு. மருத்துவச்சி என்னால ஆவாதுன்னுட்டா. பஸ்ஸு, வண்டி எல்லாம் கருட சேவைக்குப் பூடுச்சு. கட்டிலோட தூக்கினு லைனுக்கு வாங்க, நான் ரயில நிறுத்தறேன்னு டீச்சரம்மா முன்னாடி ஓடுனாங்க. ரயிலு எப்படிமா நிக்கும்னு கேட்டேன். 'நிக்கும் கங்கா, எங்க வூட்டுக்காரர் சொல்லியிருக்காரு'ன்னாங்க."

பிறகு?

"நாங்க கரை ஏறுறதுக்குள்ள ஆயிடுச்சு. போலீசு வரும்னு ஆம்பளைங்க பயந்து கட்டிலத் திருப்பிட்டாங்க. மணியம்மா சாயங்காலம் பூட்டா. கொழந்தயும். நாங்க ஒருத்தரும் வாயத் தெறக்கல. எங்க பேச்ச அப்ப யாருபா கேட்டிருப்பாங்க?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். சமையலறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

என்னாத்துக்குடி நம்புன? வெளையாட்டுக்குச் சொன்னதுடி. பத்து ரூல் சொன்னேன், அதுல ஒண்ணு. இட்லிக்கு நிக்கறவன் நான், ரயிலு நிக்குமா? ஒதுங்கியிருக்கக் கூடாதா? விசில் குடுத்தா நவுரணும்னு ஏன் உனக்குச் சொல்லல நான்? எல்லாத்தையும் சொன்னேனே.

25 ஆகஸ்ட்

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. அது விதி. வண்டி நின்றிருக்க வேண்டும்.

6 செப்டம்பர், திங்கள்

டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் எல்லோரையும் கூப்பிட்டேன். அப்பாதுரையும் வந்திருந்தார், அவராகவே. சுற்றறிக்கை போடவில்லை. நடந்ததைச் சொன்னேன். அது என் மனைவி என்றும் சொன்னேன். ராஜவேலு எழுந்து நின்றுவிட்டான். உட்காரப்பா என்றேன்.

"அந்த அம்மாவுக்காக மெதுவாகப் போக வேண்டாம். அவள் மெதுவாகப் போகச் சொல்லிக் கையைத் தூக்கவில்லை. உங்கள் வேகத்திலேயே போங்கள். ஆனால் பார்த்துக்கொண்டே போங்கள். யாராவது இரண்டு கையைத் தூக்கினால் கும்பிடுகிறார்களா, குளிக்கிறார்களா என்று யோசிக்காமல் நிறுத்துங்கள். அவள் கேட்டது அவ்வளவுதான்."

 கடைசியில் ஃபயர்மேன் ஒருவன், "கருட சேவை அன்னிக்கு என்னா சார் பண்றது? வழி நெடுக நிறுத்தினே போவணுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சிலர் சிரித்தார்கள். நானும். "தண்டவாளத்தில் நிற்பவர்களுக்கு மட்டும்" என்றேன்.

14 செப்டம்பர்

நாலைந்து நிமிஷம் திரும்பக் கிடைத்துவிட்டது. அறிக்கை அனுப்பிவிட்டேன். கூடவே மதகருகே வண்டி நிற்க ஒரு ஹால்ட் வேண்டும் என்றும் எழுதினேன்.

8 அக்டோபர், வெள்ளி

புது வண்டிக்கு அனுமதி. நவம்பர் முதல் தேதி. ஹால்ட்டுக்கு இல்லை: போதிய பயணிகள் இல்லையாம். ஏலவார்குழலி ஆபீஸுக்கே ஒரு பொட்டலம் மைசூர்பாகு கொண்டுவந்தாள். "முகம் ஏன் சார் இப்படி இருக்குது? ஜெயிச்சுட்டோம் சார்!"

ஆமாம் என்றேன்.

1 நவம்பர், திங்கள்

மழைத் தூறலில் முதல் வண்டி கிளம்பியது. ஸ்டேஷன் முழுக்கக் கூட்டம். இன்ஜினுக்கு யாரோ ரோஜா மாலை போட்டுவிட்டார்கள். ராஜவேலுதான் டிரைவர். நானும் இன்ஜினில் நின்றேன்.

நத்தப்பேட்டை தாண்டியதும் ராஜவேலு என்னைத் திரும்பிப் பார்த்தான். "போப்பா" என்றேன். மதகு வந்தது. வந்த வேகத்தில் போயே போய்விட்டது. விசில் இல்லை. ஃபயர்மேன் கரி போட்டுக்கொண்டே இருந்தான். திரும்பிப் பார்ப்பதற்குள் தென்னை மரங்கள் மறைத்துவிட்டன.

செங்கல்பட்டுக்குச் சரியான நேரம். எல்லோரும் கை குலுக்கினார்கள்.  அவளுக்காக நின்று நிதானித்த ஒரே இடம் அந்த மதகு. அதை நானே துடைத்துவிட்டேன். சரியான காரியம்தான் செய்திருக்கிறேன். தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை.

2 நவம்பர், செவ்வாய்

கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போனால் சுவரோரம் ஏற்கெனவே ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அப்பாதுரை. கும்பிடுவதா, சிலுவை போடுவதா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். போதகர் வந்து என் தோளைத் தொட்டு, நடுவில் இடம் கொடுக்கலாம், கமிட்டியிடம் நானே பேசுகிறேன் என்றார்.

வேண்டாம் ஐயா என்றேன். சுவரோரம்தான் வண்டிச் சத்தம் கேட்கிறது.

19 நவம்பர், வெள்ளி

புது வண்டி இன்று தாமதம். வண்டிகளின் போக்கைக் கவனிக்கிற கண்ட்ரோல் ஆபீஸிலிருந்து போன்: ஐயம்பேட்டை மதகருகே எதற்கு நின்றது, யார் அனுமதி?

செங்கல்பட்டிலிருந்து திரும்பி வந்த ராஜவேலுவை ஸ்டேஷனிலேயே பிடித்துக் கேட்டேன். மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

"மதகு மேல கை தெரிஞ்சுது சார். ரெண்டு கை. புடிச்சுட்டேன் பிரேக்க. சரியா மதகுக்கு இந்தாண்ட நின்னுது. எறங்கிப் பார்த்தா மதகு மேல யாருமே இல்ல. அப்பறம் பார்த்தா கீழேர்ந்து கட்டிலத் தூக்கினு கரை ஏறி வராங்க."

கட்டிலில் இருந்தது கங்கையம்மாளின் மகன். களை எடுக்கும்போது நல்ல பாம்பு கடித்திருக்கிறது. கார்டு பெட்டியில் ஏற்றியிருக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஏலவார்குழலி அடுத்த பெட்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் பக்கத்தை விட்டு நகரவில்லையாம். சாயங்காலம் அவளே வந்து சொன்னாள், பிழைத்துக்கொண்டான் என்று. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றாளாம் டாக்டரம்மா.

சைக்கிளை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். யார் கை காட்டியது என்று கங்கையம்மாளிடம் கேட்டேன்.

"நாங்க எங்கபா காட்டினோம்? மேல ஏறி ரெண்டு கையையும் தூக்கணும்னுதான் ஓடியாந்தேன். நான் கரை ஏறுறதுக்குள்ளயே நின்னுக்கினு இருந்துதே வண்டி."

மழை. மூட்டமாக இருந்திருக்கும். ஏதாவது கொக்கு பறந்திருக்கும், மரக்கிளை ஆடியிருக்கும். ராஜவேலு அந்த இடத்தில் எப்போதும் கண்ணை அகல வைத்துக்கொண்டு போகிறவன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கண்ட்ரோலுக்குத் தாமதக் காரணம் எழுதி அனுப்பிவிட்டேன்: 'மதகில் கையால் நில் சிக்னல் காட்டப்பட்டது. டிரைவர் விதிப்படி வண்டியை நிறுத்தினார்.'

காட்டியது யார் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு எழுதினேன்: ரயில்வே ஊழியர் குடும்பத்தைச் சேர்ந்தவர்.